தாளில் சுற்றிய கண்ணாடி

நான் கண்ணால் கண்டதையும், உரியவர் வாயால் கேட்டதையும் மட்டுமே இங்கே எழுதுகிறேன். துப்புரவுப் பணியாளர் மல்லிகாவின் கைக்கு நேர்ந்ததைப் பற்றி வளாகத்தில் பல கதைகள் உலவின. சில அவர்மீதே பழி சுமத்தின. ஆகவே உறுதி செய்ய இயலாத எதற்கும் இக்குறிப்பில் இடமில்லை.

தஞ்சையை அடுத்த ஒரு பல்கலைக்கழகத்தில் வளாகப் பராமரிப்பு என் பொறுப்பாக இருந்தது. துப்புரவுப் பணி ஒப்பந்தக்காரரிடம் போய்விட்ட காலம் அது. குப்பையைக் குறைப்பதற்காகத் துறைதோறும் இரண்டு தொட்டிகள் வைத்தோம்: தாளுக்கு நீலம், மற்றவற்றுக்குப் பச்சை. நீலத் தொட்டியின் தாளை மல்லிகா சாக்கில் அமுக்கி நிரப்புவார். அது மறுசுழற்சிக்காகத் தாள் ஆலைக்குப் போகும்.

மல்லிகா நடவு வேலை செய்தவர். வாய்க்காலில் தண்ணீர் வராத ஆண்டில் எங்களிடம் வந்தார். தொட்டிகள் வைத்த சமயத்தில் குவைத்தில் வீட்டு வேலைக்கு அவருக்கு விசா வந்திருந்தது.

"இந்தச் சாக்க அமுக்குற கைக்கு, அங்க போயி மாவு பெசையறதா சார் கஷ்டம்?" என்று சிரிப்பார்.

வேதியியல் ஆய்வகத்தில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. உடைந்த கண்ணாடிப் பீக்கரை அப்படியே எறியமாட்டார்கள். கூட்டுபவர் கையைக் கிழிக்காதிருக்க நாளிதழில் சுற்றிப் போடுவார்கள். புதிய தொட்டிகள் வந்தபின் அத்தகைய பொட்டலம் ஒன்று நீலத்தில் விழுந்தது. வெளியே தெரிந்தது தாள்தான்.

மல்லிகா வழக்கம்போல் உள்ளங்கையால் அமுக்கினார். வலக்கைப் பெருவிரலை மடக்கும் தசைநாண் அறுந்தது.

மருத்துவமனையில் அவர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "சும்மா போட்டிருந்தா கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கும் சார்."

ஆய்வகத்தில் விசாரித்தேன். "யாருன்னு எப்படி சார் சொல்றது? எல்லாருந்தான் சுத்துவோம். அக்கறையாத்தான் சுத்துவோம்" என்றார் உதவியாளர்.

புண் ஆறியது, விரல் மடங்கவில்லை. குவைத்துக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்ட் கையை மடக்கிக் காட்டச் சொன்னாராம். பிறகு, "வேற ஆள அனுப்பிட்டோம்மா" என்றாராம். ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளரிடம் மல்லிகாவுக்காகப் பேசினேன். "புடிக்க முடியாத கைய வச்சிக்கிட்டு நான் என்னா சார் பண்றது? குப்பை ஒங்களோடது. நீங்களே வேலை குடுங்க" என்றார். பதிவாளரிடம் கேட்டேன், ஒப்பந்தப் பணியாளருக்குப் பல்கலைக்கழகம் மாற்று வேலை தர விதி இல்லை என்றார்.

இப்போது ஒவ்வோர் ஆய்வகத்திலும் உடைந்த கண்ணாடிக்கென மூடியுள்ள தகர டின் இருக்கிறது. புதிய தொட்டி வைக்குமுன், அந்த அறையில் ஏற்கெனவே உள்ள வழக்கத்தை ஒருவர் நின்று பார்க்க வேண்டும். நல்ல வழக்கமானால் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

அப்பொட்டலத்தைச் சுற்றியவர் யாரென்று தெரியவில்லை. மல்லிகா பின்னர் எங்கே சென்றார், என்ன வேலை செய்கிறார் என்பதும் எனக்குத் தெரியாது.