பாலைவனத்து மரத்துக்குத் தண்ணீர்

ஞாயிறு விடுமுறைதான். அன்றும் ஆதிலட்சுமி சேத்தியாத்தோப்பிலிருந்து பஸ் ஏறி நெய்வேலி நகரியத்துக்கு வந்துவிடுவாள், பூங்கா வாசலில் நிற்கும் விசிறிப்பனையைப் பார்க்க. 2014இல் நட்ட கன்று. இடுப்பு உயரம்தான்.

"இது பட்டுப்போச்சுன்னா நான் வேற ஆளப் பாத்துக்குவேன்" என்று சூப்பர்வைசர் குமரவேல் முதல் நாளே சொல்லிவிட்டார். ஆதிலட்சுமி கான்ட்ராக்ட் தோட்டக்காரி. மரம் வாங்கியது யாரோ, இடம் காட்டியது யாரோ. செத்தால் பழி மட்டும் தினக்கூலிக்கு.

விசிறிப்பனை பாலைவனத்து மரம் என்று கேட்டதும் அவளுக்கு மனசு இளகியது. தண்ணியில்லாத ஊரிலிருந்து வந்தது, வயிறாரக் குடிக்கட்டும். அவள் ஊர்க் கிணறு கோடையில் வற்றிவிடும். இங்கோ திறந்தால் கொட்டும் குழாய். தென்னைக்குப் போல் பாத்தி கட்டி, காலையும் மாலையும் நிரப்பினாள்.

"தலச்சம் புள்ளைக்குக்கூட இப்டி ஊட்டியிருக்க மாட்டியேக்கா" என்றாள் கூட வேலை பார்க்கும் செங்கமலம்.

"நீ சும்மா கெட. தாகத்துல நின்னுகினு இருக்குது."

ஓலைகள் மஞ்சளாயின. இன்னும் ஊற்றினாள். குருத்து சாய்ந்தது. யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று குமரவேல் வேலியில் பூசணிக்காய் கட்டச் சொன்னார். நிலக்கரிக்காகப் பல நூறு அடி ஆழத்துக்கு மண்ணைப் படித்தவர்கள் வாழும் ஊரில், ஒரு கன்றின் அடிமண்ணைத் தோண்டிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆதிலட்சுமிக்குத் தூக்கம் போயிற்று. வேலை போனால் இந்த வயதில் யார் சேர்ப்பார்கள்? ஒரு ஞாயிறு பொறுக்காமல் கையாலேயே தோண்டினாள். சேறு நாறியது, வேர் நுனிகள் கறுத்திருந்தன. தன் கைதான் அதைக் கொன்றுகொண்டிருக்கிறது என்று அப்போது புரிந்தது. பாத்தியை உடைத்தாள், சேற்றை வாரிவிட்டுச் செம்மணலைக் கொட்டினாள், குழாயை மூடினாள்.

மறுநாள் குமரவேல் காய்ந்த மண்ணைப் பார்த்தார். "யாரக் கேட்டும்மா தண்ணிய நிறுத்துன?"

"யாரையும் கேக்கல சார். செத்தா என்னத்தானே அனுப்பப் போறீங்க? என் இஷ்டப்படி பாத்துட்டுப் போறேன்."

மழைக்காலத்துக்கு முன் புதுக்குருத்து விரிந்தது. வேலை தப்பியது.

"பூசணிக்கா வேல செஞ்சிருச்சு பாத்தியா" என்றார் குமரவேல்.

"வேலியில தொங்குனது வேருல எப்டி சார் வேல செய்யும்?"

அவர் சிரித்துவிட்டு நகர்ந்தார். பூசணிக்காயை அவிழ்க்கவில்லை.

அடுத்த ஞாயிறும் ஆதிலட்சுமி பஸ்ஸில் இருந்தாள். பூங்காவின் பின்வாசலில் இன்னொரு விசிறிப்பனை நட்டு, செங்கமலத்தின் பொறுப்பில் விட்டிருந்தார்கள். செங்கமலமும் கிணறு வற்றும் ஊர்க்காரிதான்.