ஒரு கிழமை தாமதித்த தறப்பாள்கள்

விமானத்தில் இடமில்லை என்று நான் சொன்னது பொய். இடம் இருந்தது. அந்தத் தறப்பாள்களைப் பிடித்து வைத்தவன் நான்தான்!

எதற்காக? சிரிக்காதீர்கள்... ஒரு குத்துவிளக்குக்காக.

நேபாளத்தில் நிலம் நடுங்கிய அந்த ஆண்டு, நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் செவன் ஹில்ஸில் எங்கள் தமிழர் மன்றத்துக்கு நான் தலைவர். நான் மேற்பார்வையாளனாக இருக்கும் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவன் பினோத், நேபாளி. அவனுடைய மலைக் கிராமத்தில் ஒரு வீடுகூட மிஞ்சவில்லை. அவனுடைய தகப்பன் வெட்டவெளியில் படுத்திருந்தார். மழைக்கு முன் கூரைபோலக் கட்டத் தறப்பாள், அதுதான் தார்ப்பாய், வேண்டும் என்று என்னிடம்தான் வந்து நின்றான். நான்கே நாளில் அவனுடைய ஊர் முழுவதற்கும் போதுமான அளவு சேர்த்துவிட்டோம். புதன்கிழமை விமானத்தில் இலவசமாக ஏற்றவும் ஒழுங்காகிவிட்டது.

நானோ அதை அடுத்த புதனுக்கு மாற்றினேன். நாங்கள் அழைத்த அரசியல்வாதிக்குச் சனிக்கிழமைதான் நேரம் இருந்ததாம். அவர் வந்து விளக்கேற்றி, பொன்னாடை வாங்கி, லாரிக்குக் கொடியசைக்க வேண்டாமா? விழா வைக்காமல் நம்மவர் எதையாவது செய்ததுண்டா, நீங்களே சொல்லுங்கள்!

யோகன் அண்ணை ஒருவர்தான் எதிர்த்தார். போருக்குத் தப்பிப் படகில் வந்தவர், இன்னமும் தற்காலிக விசா. இரண்டு நாள் வேலையை விட்டுவிட்டு வந்து பொதி கட்டிக்கொண்டிருந்தார்.

"தம்பி, விளக்கைப் பிறகு கொளுத்துவம். இதை இந்தப் புதனே அனுப்பும்."

"ஒரு கிழமைதானே அண்ணை."

"நீர் மழைக்குள்ள தறப்பாள் இல்லாமல் இருந்து பார்த்தனீரோ?"

எனக்குக் கோபம் வந்தது. தலைவரிடம் இப்படியா பேசுவது! விழாவுக்கு வருவோர் உட்காரக் கதிரை அடுக்க அவரை அனுப்பினேன்.

விழா அமர்க்களமாக நடந்தது. எனக்கும் மாலை விழுந்தது. அதே சனிக்கிழமை அங்கே மழை தொடங்கியது. தறப்பாள்கள் போய்ச் சேருமுன் பினோத்தின் தகப்பன் நனைந்து, காய்ச்சலில் விழுந்து, இறந்துபோனார்.

நேரத்துக்கு அனுப்பியிருந்தால் உயிர் தப்பியிருப்பாரா? தெரியாது... அந்தத் 'தெரியாது'வுக்குப் பின்னால்தான் இத்தனை ஆண்டுகளாக ஒளிந்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

பினோத் அழுதபடி மன்றத்துக்கு வந்து, தறப்பாள்கள் ஏன் பிந்தின என்று கேட்டபோதுதான் விமானத்தில் இடமில்லை என்ற பொய்யைச் சொன்னேன். அவன் என் கைகளைப் பிடித்து நன்றி சொன்னான்! அருகில் நின்ற யோகன் அண்ணை என்னை ஒருமுறை பார்த்தார். அதன்பிறகு மன்றத்தின் பக்கம் அவர் வரவேயில்லை.

சென்ற மாதம் பினோத் தன் கைபேசியில் ஒரு படம் காட்டினான். கிராமத்தார் தாங்களே மண் சுமந்து, கல் சுமந்து, ஒரு சிறிய மருத்துவமனையைக் கட்டி முடித்திருக்கிறார்கள். அவனுடைய தகப்பனின் நினைவாகத்தான். வாசலில் பதிப்பதற்கு ஒரு கல் வெட்டியிருந்தார்கள். அதில் அவருடைய பெயருக்குக் கீழே, உதவியவர் என்று என் பெயர்.

கல் இன்னும் கல்தச்சரிடம்தான் இருக்கிறதாம். என் சம்மதம் இல்லாமல் பதிக்க அவனுக்கு மனம் வரவில்லையாம்.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். கிடங்கில் எங்கள் இருவரையும் தவிர ஒருவரும் இல்லை. வாயைத் திறந்தேன்...

பதிக்கச் சொன்னேன்.