கடைசி லேபிளுக்குப் போட்ட மார்க்

அந்த நோட்டில் கடைசியாக ஒட்டிய பீர் லேபிளின் ஓரம் இன்றும் சுருண்டேதான் இருக்கிறது. பசைக்குக் குறைவில்லை. ஒட்டிய அன்றைக்கு அதை அழுத்தித் தேய்க்க அத்தானின் விரலில் பலம் இல்லை. லேபிளுக்குக் கீழே பென்சிலால் இரண்டு கட்டங்கள். இடது கட்டம் அவருக்கு, வலது கட்டம் எனக்கு. அவர் போன பிறகும் என் கட்டம் வெகுநாள் காலியாகக் கிடந்தது.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். கீரிப்பாறைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்கும் இடத்து மேற்பார்வையாளர். மரப்பட்டையைக் கீறிப் பால் இறக்கும் வெட்டுக்காரர்கள் வாளிகளைக் கொண்டுவந்து வரிசையாக வைப்பார்கள். அத்தான் ஒவ்வொரு வாளிக்கும் குனிந்து ஒரே ஒரு தடவை மூச்சை இழுப்பார். புளிக்கத் தொடங்கிய பாலைத் தனியே தள்ளி வைப்பார். கருவி போட்டுப் பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். அப்படிப்பட்ட மூக்கு. சின்ன ஆலைகளில் காய்ச்சிய பீர் வகைகள் நாகர்கோவில் கடைகளில் வரத் தொடங்கியபோது, அந்த மூக்குக்கு ஒரு விளையாட்டுக் கிடைத்தது. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, மதியச் சோறு முடிந்ததும், வீட்டுக்குப் பின்னால் பலாமரத்தடியில் உட்காருவோம். ஆளுக்கு அரைக் கிளாஸ், அதற்கு மேல் கிடையாது. "நாளைக்கு சர்ச்சில பாட்டு பாடுற வாயாக்கும் இது, ஓர்மை இருக்கட்டு" என்று அக்கா அடுக்களையிலிருந்தே சத்தம் போடுவாள்.

பத்துக்கு மார்க். மணத்துக்கு மூன்று, ருசிக்கு ஐந்து, விலைக்கு இரண்டு. ஒரு கூறு சாளை மீன் வாங்குகிற காசுக்கு மேல் போனால் விலை மார்க் பூஜ்யம். அதில் அத்தான் கறார். "நம்மள மாதிரி ஆளு வாங்கிக் குடிக்க முடியாத சாதனத்துக்கு எதுக்குடே மார்க்கு?" என்பார். பாட்டிலைத் தண்ணீரில் ஊறப்போட்டு, லேபிளைக் கிழியாமல் உரித்து ஒட்டிவிட்டு, முதலில் அவர் எழுதுவார். பரீட்சையில் பக்கத்துப் பெஞ்சுக்காரனிடம் மறைப்பதுபோல் இடது கையால் பொத்திக்கொண்டு எழுதுவார். பிறகு நான். பிறகு சண்டை. நான் 'நல்ல கசப்பு' என்று எழுதியதற்கு நேரே ஒரு தடவை 'கரிஞ்ச முந்திரித் தொலி' என்று எழுதியிருந்தார். மறுபடி முகர்ந்து பார்த்தேன். சத்தியமாக அதேதான். "கள்ள மார்க்கு மட்டும் போடாத மக்கா. பிடிக்கலன்னா பிடிக்கலன்னு போடு" என்பதுதான் அவருடைய ஒரே சட்டம்.

ஒரு சனிக்கிழமை நோட்டை என் பக்கம் தள்ளினார். "இன்னைக்கு நீ முதல்ல போடு மக்கா, நான் பொறவு பாக்கேன்." அடுத்த தடவையும் அப்படியே. அதற்கடுத்ததும். நான் மணத்துக்கு இரண்டு போட்டால் அவரும் இரண்டு. ஆரஞ்சுத் தோல் வாசனை என்று நான் சொன்னால், "ஆமா, ஆரஞ்சுதான்" என்று தலையாட்டுவார். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் நாக்கு தேறிவிட்டது, அத்தானே ஒத்துக்கொண்டுவிட்டார் என்று ஆபீஸில் போய்ப் பெருமையடித்தேன். ஒருநாள் அடுப்பில் பால் தீய்ந்து வீடெல்லாம் நாறியபோது, அத்தான் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தாராம். அக்கா அதைச் சொல்லித் திட்டியபோது நான்தான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அப்படியே ஒன்றரை வருடம் ஓடியது. ஒருநாள் வேலையிடத்தில் மயங்கி விழுந்தார். திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். மூக்குக்கு மேலே, மூளைக்கு அடியில் ஒரு கட்டி, மெள்ள மெள்ள வளர்ந்தது. இந்த இடத்தில் வந்தால் முதலில் மணம்தான் போகும் என்றார் டாக்டர். "இவருக்கு மணம் எப்போது போனது?" என்று கேட்டார். அக்கா என்னைப் பார்த்தாள். எனக்குத் தெரியும். நோட்டில் எந்தப் பக்கம் என்பது வரைக்கும் தெரியும். அந்தப் பக்கத்திலிருந்துதான் அவருடைய மார்க்கும் என் மார்க்கும் ஒன்றாக இருந்தன. அப்போதே வந்திருந்தால் சுலபமாக எடுத்திருக்கலாம் என்று டாக்டர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

வீட்டுக்கு வந்த பிறகு அவரிடமே கேட்டேன். ஏன் அத்தான் சொல்லவில்லை? "சொன்னா பால் பாக்குற வேலைய விட்டு மாத்திருவானுவ மக்கா. மூக்கு போனா நான் அங்க யாரு? ரிட்டையர் ஆக ரெண்டு வருசம்தானேன்னு நெனச்சேன்." வாளிகளைக்கூட வெட்டுக்காரப் பெண்களே முகர்ந்து சொல்லியிருக்கிறார்கள். சளி பிடித்திருக்கிறது என்று அவர்களிடம் சொல்லி வைத்திருந்தாராம். ஒன்றரை வருடமாக ஒரு சளி!

ஆபரேஷனுக்குப் பிறகும் மணம் திரும்பவில்லை. ஒரு சனிக்கிழமை ஒரு பாட்டில் வாங்கி வரச் சொன்னார். குடிக்கக்கூடாது, மணம் பார்க்க மட்டும். கிளாஸைக் கழுவிக் கொண்டுவந்து வைத்தது அக்காதான். அத்தான் கிளாஸுக்கு மேல் முகத்தைக் கொண்டுபோய், வாளிக்குக் குனிவதுபோலவே குனிந்து, ஒரு தடவை இழுத்தார். லேபிளை ஒட்டினார். பிறகு வெகுநாளைக்கப்புறம், இடது கையால் பொத்திக்கொண்டு எழுதினார். மணம்: பூஜ்யம். "இது நான் போட்ட மார்க்கு, கேட்டியா. இவ்வளவு நாளும் உன்னப் பாத்துக் காப்பியடிச்சேன்" என்று நோட்டை நீட்டினார். என்னால் எழுத முடியவில்லை. நாளைக்குப் போடுகிறேன் என்று மூடி வைத்துவிட்டேன். அடுத்த மாதமே வலிப்பு வந்து போய்விட்டார்.

நேற்றுச் சனிக்கிழமை. அதே பீரை வாங்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா நோட்டை எடுத்துத் தந்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மரத்தடியில் உட்கார்ந்து கிளாஸில் அரையளவு ஊற்றி முகர்ந்தேன். பாழாய்ப்போன பீர், அவ்வளவு நல்ல மணம்! கொய்யாப்பழம் அரிந்து வைத்ததுபோல் எழும்பி வந்தது. அவருடைய பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நானும் ஒரு பூஜ்யம் போட்டுவிடலாமா என்று பென்சில் கட்டத்தின் மேல் கொஞ்ச நேரம் நின்றது. கள்ள மார்க் போடக்கூடாது என்று சொன்னவர் அவர். மணத்துக்கு முழு மார்க், மூன்று என்று எழுதி, சுருண்டிருந்த ஓரத்தைத் தொடாமல் நோட்டை மூடினேன்.