ஸ்டோரில் காயவைத்த நட்சத்திரம்

பச்சை ஏலக்காயும் விறகுப் புகையும் கலந்த வாசனை... தலைமுடியில் ஏறினால் மூன்று நாள் போகாது.

ஐம்பதுகளின் நடுவில், குரங்கணிக்கு மேலே எஸ்டேட் லைன் வீட்டில் இருந்தோம். என் வீட்டுக்காரர் அங்கே கணக்கப்பிள்ளை. மனுஷன் சம்பளமெல்லாம், கண்ணாடியைத் தானே தேய்த்துச் செய்த ஒரு டெலஸ்கோப்பில் கொட்டினார். கீழே சிலமலையில் இருந்த அவருடைய அண்ணன், "கண்ணாடியத் தேச்சே வீணாப் போறான்"னு ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். அது இவருக்கு முள்ளாகக் குத்தியது.

எப்போதோ வெடித்துச் சிதறிய ஒரு நட்சத்திரத்தின் மிச்சம் ரிஷபத்தின் கொம்பருகே புகை மாதிரி கிடக்கிறதாம். அதைப் படம் பிடித்து அண்ணனிடம் காட்ட வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

மதுரையிலிருந்து வந்த, படம் பதிகிற மருந்து பூசிய போட்டோக் கண்ணாடி இரண்டே இரண்டு. ஒன்று பனியில் வீணானது.

மற்றதற்காகக் கொல்லையில் இரண்டு மணி நேரம், மாற்றி மாற்றி டெலஸ்கோப்பின் திருகைத் திருப்பினோம். நட்சத்திரம் நகர நகரக் குழாயும் நகர வேண்டும். கண் எரிந்தது, கழுத்து பிடித்துக்கொண்டது. பகலெல்லாம் ஏலக்காய் பொறுக்கிய கை வேறு.

அடுப்படியில், சிவப்புத் துணி சுற்றிய அரிக்கேன் வெளிச்சத்தில், கண்ணாடியை மருந்துத் தண்ணியில் கழுவினார்.

"இருக்கு புள்ள! இந்தா பாரு, நகக்கண் அளவு!"

நானும் பார்த்தேன். சின்னதாக ஒரு கறை... வெளிச்சம் பட்ட இடம் அந்தக் கண்ணாடியில் கறுப்பாகத்தான் விழுமாம்.

"வெரசாக் காஞ்சா விடிஞ்சதும் அண்ணங்கிட்டக் கொண்டுபோயிருவேன்" என்றவர், சுவரில் சாய்ந்தபடியே தூங்கிவிட்டார்.

மலையில் ஈரம் எதுவானாலும் ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோரில்தான் வைப்போம். பிள்ளைத் துணி, தீப்பெட்டி, உப்பு... எல்லாமே. நானும் அந்தக் கண்ணாடியை அங்கே அடுப்புச் சூட்டில் சாய்த்து வைத்துவிட்டு வந்து படுத்தேன்.

விடிந்து பார்த்தால், மேலிருந்த பூச்சு உருகி, கஞ்சி ஆடை மாதிரி அடியில் சுருண்டு கிடந்தது. மீதி வெறும் கண்ணாடி. அழுதுவிட்டேன்.

அவர் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "விடு புள்ள. நானா இருந்தாலும் அங்கதான் வச்சிருப்பேன்" என்றார். பிறகு சோலிக்குப் போய்விட்டார்.

இன்னொரு கண்ணாடி வாங்கவேயில்லை. பிள்ளைகள் வந்தார்கள், குழாய் பரணுக்குப் போனது. அண்ணனும் போனார், இவரும் போய்விட்டார்.

இன்று காலை பேரன் அதே நட்சத்திரத்தைப் போனில் காட்டினான், கலர் கலராக. "நல்லாருக்குப்பா" என்றேன். அழகுதான்...

ஆனால் நாங்கள் பிடித்தது கறுப்பாக, நகக்கண் அளவு இருந்தது. அதைப் பார்த்தது இரண்டே பேர். இப்போது நான் ஒருத்திதான்.