கவிழ்ந்த படகின் மேல் ஒரு குடை

விஷாகாவைத் தெரியாத ஆள் செங்கல்பட்டு ஸ்டேஷன் பக்கம் கடை வைத்திருக்க முடியாது. கல்யாண பேனர், கண்ணீர் அஞ்சலி, கட்சிக்காரர் பிறந்தநாள் என்று ஊரின் நல்லது கெட்டது எல்லாம் அவள் கம்ப்யூட்டர் வழியாகத்தான் போகும். பக்கத்து ஜெராக்ஸ் கடை என்னுடையது. பதினான்கு வருடமாக இரண்டு பேருக்கும் ஒரே சுவர். வேலையில் கெட்டிக்காரி, பேச்சில் மகா கஞ்சம். மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும் கடை திறக்க மாட்டாள். அம்மா சௌந்தரவல்லியோடு சதுரங்கப்பட்டினம் போய்விடுவாள்.

காரணம் தெருவுக்கே தெரியும். அவளுடைய பதினோராவது வயதில், அங்கே டச்சுக் கோட்டைக்குச் சுற்றிப் பார்க்கப் போன இடத்தில் தங்கை ரக்ஷா காணாமல் போனாள். ஆறு வயதுக் குழந்தை. அவளுடைய மஞ்சள் குடை மட்டும் கோட்டைக்குள் கிடங்கு வாசலில் கிடைத்தது. மூன்று நாள் கோட்டையைச் சல்லடை போட்டுத் தேடிவிட்டு, யாரோ பிள்ளை பிடிக்கிறவன் தூக்கிப் போய்விட்டான் என்று முடிவு கட்டினார்கள். அப்பா அந்த ஏக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். அம்மா மட்டும் மாதம் தவறாமல் கோட்டையில் போய் உட்கார்ந்து வருகிறாள், என்றைக்காவது ரக்ஷா வளர்ந்த பெண்ணாக அந்த வாசலில் நுழைவாள் என்று. அப்படித்தான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

இனி சபைக்கு வருகிறேன். கலங்கரைத் தோழர் சபை என்று பெயர். ஒருவரையொருவர் ‘சகோதரரே’ என்று கூப்பிட்டுக்கொண்டு, வண்டி நிறுத்தும் இடத்துக்கு மட்டும் பங்காளிகளாக அடித்துக்கொள்ளும் ஐம்பது பெரிய மனிதர்கள். வருடத்துக்கு ஒரு தலைவர். அவர் தனக்கென்று ஒரு சின்னமும் ஒரு வாசகமும் தேர்ந்தெடுப்பார். அந்த வருடம் முழுக்க பேட்ஜ், கொடி, மேடைத் திரை எல்லாவற்றிலும் அதுதான். வரைந்து கொடுப்பது விஷாகா. தேர்ந்தெடுப்பதற்கும் ஒரு வழக்கம் உண்டு. பட்டப்பகலில் சபை மண்டபத்தின் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் தனியாக உட்கார வேண்டும். மனதில் எது வருகிறதோ அதுதான் சின்னம். எல்லோருக்கும் குத்துவிளக்கு, புறா, கைகுலுக்கல்தான் வந்துகொண்டிருந்தது. ஐம்பது வயதுக்கு மேல் வேறென்ன வரும்?

சபை சதுரங்கப்பட்டினத்தில் உப்பங்கழி ஓரம் புது மண்டபம் கட்டிக்கொண்டு போன பிறகுதான் இது மாறியது.

முதல் வருடம் ஹார்டுவேர் கடை ஜெயக்குமார் வந்தார். கவிழ்த்துப் போட்ட படகு வேண்டும் என்றார். அடிப்பலகையில் தகரத்தால் ஒட்டுப் போட்டிருக்க வேண்டுமாம். கவிழ்ந்த படகை எவனாவது சின்னமாக வைப்பானா என்று நான் சிரித்தேன். விஷாகா சிரிக்கவில்லை, வரைந்து கொடுத்தாள். அன்று மதியம் அவள் டிபன் டப்பாவைத் திறக்கவே இல்லை.

அடுத்த வருடத் தலைவர் ஒரு பல் டாக்டர். அவர் பனைமரம் கேட்டார். உச்சியில் இரண்டாகப் பிரிந்த கிளைப்பனை. அப்படி ஒரு மரத்தை நேரில் பார்த்ததே இல்லை, எப்படி மனதில் வந்தது என்று தெரியவில்லை என்றார். அதையும் வரைந்து கொடுத்தாள். மௌஸை இரண்டு முறை கீழே போட்டதைப் பார்த்து, சர்க்கரை பார்த்துக்கொள் என்று நான் புத்தி சொன்னேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மூன்றாவதாக வந்தவர் அப்துல் அஹத் பாய், ஜவுளிக்காரர், தங்கமான மனிதர். கவிழ்த்த படகின் மேல் விரித்து வைத்த சின்னக் குடை என்றார். ‘நிழல் தருவோம்’ என்று வாசகம். அவர் சொல்லி முடிப்பதற்குள் விஷாகா வரைய ஆரம்பித்துவிட்டாள். திரையைப் பார்த்த பாய் முகம் மாறியது.

“இன்னாம்மா இது? ஒரு கம்பி ஒடஞ்சி தொங்கிகினு இருந்துச்சி, அத நான் சொல்லவேயில்லியே. நீ எப்டி போட்ட?”

அவள் பிரிண்ட் எடுத்து நீட்டினாள். அவர் போன பிறகு அவள் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, சுவரைப் பார்த்தபடி என்னிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ரக்ஷா கோட்டைக்குள் காணாமல் போகவில்லை. போகக் கூடாது என்று அப்பா சொன்ன உப்பங்கழிக்கு இவள்தான் கூட்டிப் போயிருக்கிறாள். அங்கே கிளைப்பனை. அதன் கீழே ஒட்டுப் போட்ட படகு. அதன் மேல் கம்பி ஒடிந்த குடையை விரித்து வைத்துவிட்டு, நண்டு பிடித்து வருகிறேன், இங்கேயே இரு என்று சொல்லிப் போனாள். திரும்பி வந்தபோது குடை மட்டும் இருந்தது. அடி விழும் என்ற பயத்தில் குடையை எடுத்துக்கொண்டு ஓடி, கிடங்கு வாசலில் போட்டுவிட்டு, இங்கேதான் இருந்தாள் என்று அழுதாள். அத்தனை பேரும் கோட்டையைத் தேடினார்கள். தண்ணீரை ஒருவரும் தேடவில்லை.

படகின் மேல் குடை இருந்தது இவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அந்த மண்டபத்துக்குள் இவள் காலடி வைத்ததுகூட இல்லை. அம்மாவிடம் சொல்லிவிடு என்றேன். சொன்னால் அந்த நம்பிக்கையும் போய்விடும், அம்மா செத்துவிடுவாள் என்றாள்.

போன வருடம் தலைவராக ஏசுதாஸ் முறை. ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர், எதற்கும் அசராதவர். அன்று வந்து ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டுக் குடித்தார்.

“ஒரு மணி நேரம் குந்திகினு இருந்தேம்மா. படமே எதுவும் வரல. ‘அக்காவக் கேளு’ன்னு மட்டும் தோணிச்சி. திரும்பத் திரும்ப அதேதான். எனக்கு அக்காவே கெடையாது.”

விஷாகா கம்ப்யூட்டரை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். செருப்புகூடப் போடாமல் வீட்டுக்கு நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

சௌந்தரவல்லி மாமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். விஷாகா நின்றபடியே சொன்னாள், ஒரே மூச்சில், படகு, நண்டு, குடை எல்லாவற்றையும். மாமி கீரையைக் கீழே வைக்கவில்லை.

“போலீஸ் ஸ்டேஷன்லேர்ந்து குடையைத் திருப்பிக் குடுத்தப்போ மடிப்புல கழிச்சேறு ஒட்டிண்டிருந்தது. கோட்டைக்குள்ள அந்தக் கருப்புச் சேறு ஏதுடி?” என்றாள் மாமி. “அன்னிக்கே தெரியும்.”

பின் எதற்கு மாதா மாதம் கோட்டைக்கு என்று விஷாகா கேட்டாள்.

“நீயா சொல்லுவேன்னுதான். நான் அங்க வர்றவா மூஞ்சியைப் பாக்கலடி. உன் மூஞ்சியைத்தான் பாத்துண்டிருந்தேன்.”

அடுத்த முதல் ஞாயிறு நானும் கூடப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கிய மாமி கோட்டைப் பக்கம் திரும்பாமல் உப்பங்கழிக்கு நடந்தாள். கிளைப்பனையை எப்போதோ வெட்டிவிட்டார்கள். அது நின்ற இடத்தில்தான் மண்டபம் இருந்தது. மாமி பையிலிருந்து மஞ்சள் குடையை எடுத்து, சேறு காய்ந்த மடிப்போடு விஷாகாவின் கையில் கொடுத்தாள். இரண்டு பேரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்கள்.

ஏசுதாஸுக்கு மடக்கிய குடை ஒன்றை வரைந்து கொடுத்தாள். அவர் அதையே பேட்ஜில் போட்டுக்கொண்டார்.

இந்த வருடத் தலைவரும் மண்டபத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தார். குத்துவிளக்கு என்றார். ‘ஒளி பரவட்டும்’ என்று வாசகம். அப்பாடா என்று நான் மூச்சு விட்டேன். விஷாகா விளக்கை வரைந்தாள், ஐந்து முகத்தையும் ஒழுங்காகப் போட்டாள். அவர் படியிறங்கியதும் மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். என்னடி, எல்லாம் சரியாகிவிட்டதே என்று முதுகைத் தடவினேன்.

“இனிமே அவ வரமாட்டா, செல்வி” என்றாள்.