சபரி வண்டியின் சத்தம்

என் அக்கா வீட்டுக்காரர் காளியப்பன் மாமா முப்பத்திரண்டு வருஷம் ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டியில் போனவர். திருச்செங்கோட்டு ரிக் ஒன்றில் கூலியாளாக ஏறி, கடைசியில் வண்டியோடு போகும் மெக்கானிக் ஆனார். சத்தீஸ்கர், ஒடிசா, ராஜஸ்தான் என்று வருஷத்தில் பத்து மாதம் வெளியில்தான். அவர் கை வைத்து ஓடாத டீசல் இன்ஜின் கிடையாது என்று சொல்வார்கள். சொன்னது முக்கால்வாசி அவரேதான்.

அப்பேர்ப்பட்டவர் போன வருஷம் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கார் இன்ஜினைப் பிரித்துக் கட்டினார். அதில் எனக்கும் பங்கு உண்டு. நல்ல பங்கு இல்லை.

அக்காவுக்கும் மாமாவுக்கும் ஒரே பையன் சபரிநாதன். நாமக்கல்லில் கோழித்தீவனக் கம்பெனியில் வேலை. மாமா கடைசித் தடவையாக ரிக்குக்குக் கிளம்பிப் போன பிறகு, வாழப்பாடியில் ஒருவரிடம் பழைய மாருதி எண்ணூறு ஒன்றை வாங்கி, தினமும் அதில் போய் வந்தான். சாயங்காலம் ஏழு மணிக்கு அவன் வண்டி எங்கள் தெருமுக்கில் திரும்பும். அந்தச் சத்தம் கேட்டதும் பொன்னாத்தாள் அக்கா தோசைக்கல்லை அடுப்பில் வைப்பாள். கல் காய்வதற்கும் அவன் கைகால் கழுவி வருவதற்கும் சரியாக இருக்கும்.

இருபத்தாறு வயதில் டெங்குக் காய்ச்சலில் போய்விட்டான். சேலத்து ஆஸ்பத்திரியில் ஐந்தே நாள். மாமா சத்தீஸ்கரின் ஜெகதல்பூரிலிருந்து ரயிலும் பஸ்ஸும் மாறி வந்து சேர்ந்தபோது, பையனை ஃப்ரீசர் பெட்டியில் வைத்திருந்தோம். அதற்குப் பிறகு அவர் ரிக்குக்குப் போகவில்லை.

கார் இரண்டு வருஷம் வேப்பமரத்தடியில் நின்றது. நின்ற இடத்திலேயே இன்ஜின் துருவேறி இறுகிப் பிடித்துக்கொண்டது. ஒருநாள் சாப்பிடும்போது அக்கா சொன்னாளாம். "சபரி வண்டி முக்குத் திரும்பற சத்தம் என்ற காதுலயே நிக்குதுங்க. ஒருக்கா, ஒரே ஒருக்கா அதைக் கேக்கோணும்."

இரண்டு வருஷத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். மாமா மறுநாளே ஸ்பேனர் பெட்டியைத் திறந்துவிட்டார்.

எனக்கு ராசிபுரத்தில் லேத்துப் பட்டறை. இன்ஜின் பிளாக்குக்குப் போரிங் போடுவது, அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சரிசெய்வதுதான் தொழில். மாமா பிளாக்கை டிவிஎஸ் ஐம்பதில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்தார். "பெட்ரோல் வண்டிங்க மாமா, உங்க லாரி மாதிரி இல்ல. தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தர் இருக்கார், உட்டுருங்க" என்றேன். "ஏன் மாப்ள, என்ற பையன் வண்டிய நான் தொடக்கூடாதா?" என்று கேட்டுவிட்டார். பிளாக்கை இறக்கி வைத்துக்கொண்டேன்.

ரிக்குக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஆளில்லாத காட்டில் வண்டி நின்றால் உதவிக்கு யாரும் வரமாட்டார்கள். அதனால் ஒரு இன்ஜினைப் பிரித்தால், தேய்ந்திருக்கிறது என்று சந்தேகம் வந்த எதையும் திரும்ப மாட்டமாட்டார்கள். கழற்றின பழைய சாமானைச் சுத்தியலால் நசுக்கியும் போடுவார்கள். இல்லாவிட்டால் தூக்கக் கலக்கத்தில் யாராவது அதையே எடுத்து மாட்டிவிடுவார்கள். மாமா முப்பது வருஷப் பழக்கத்தில் அதையேதான் செய்தார். பிஸ்டன், ரிங், பேரிங், வால்வை அழுத்தும் ராக்கர் எல்லாம் புதுசு. பழசையெல்லாம் வாசல் கல்லில் வைத்து அடித்துச் சாக்கில் போட்டார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சரியான வேலை என்றுதான் நினைத்தேன்.

கட்டி முடித்த அன்று வண்டி கிளம்பவில்லை. செல்ஃப் சுற்றுகிறது, கார்புரேட்டர் வழியாக டப்பு டப்பென்று வெடிக்கிறது, அவ்வளவுதான். இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு எனக்கு ஆள் அனுப்பினார். போய்ப் பார்த்தால் பிளக் வயர்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக மாட்டி வைத்திருக்கிறார். ஒன்று, மூன்று, இரண்டு என்று வரவேண்டும். "டீசல்ல பிளக்கு ஏது மாப்ள, எனக்கெப்படித் தெரியும்?" என்று எனக்கே சூடு வைத்தார். மாற்றி மாட்டியதும் கிளம்பியது. அடுத்த பத்தாம் நிமிஷம் சூடேறிக் கொதித்தது. ரேடியேட்டரில் காற்று அடைத்திருந்தது. மூடியைத் திறந்து, ஓடவிட்டபடியே தண்ணீர் ஊற்றிக் காற்றை வெளியேற்றினோம். சூடு அடங்கியது.

அப்போதுதான் இன்ஜின் மேலிருந்து டக் டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. அக்கா சமையல்கட்டிலிருந்து கையில் மாவோடு ஓடி வந்தாள். வண்டியைப் பார்க்கவில்லை. டிரைவர் சீட்டைப் பார்த்தாள். அங்கே மாமா உட்கார்ந்திருந்தார். அவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

நான் ஒரு முட்டாள். முப்பது வருஷத் தொழில் புத்தி முன்னால் வந்து நின்றது. "டேப்பெட் அடிக்குது மாமா. ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவுல லாரிக்கு வெக்கற கேப்பு இதுக்கு வெச்சிருக்கீங்க" என்று சொல்லி, நானே இன்ஜின் மேல்மூடியைக் கழற்றி, இருபது நிமிஷத்தில் ராக்கர்களின் ஆறு ஸ்க்ரூவையும் திருப்பிச் சரியாக்கினேன். இன்ஜின் தையல் மிஷின் மாதிரி ஓடியது. பெருமையாகத் திரும்பினேன்.

"சத்தமே இல்லாமப் போச்சே சாமி" என்றாள் அக்கா. முகத்தில் ஒன்றுமே இல்லை. உள்ளே போய்விட்டாள்.

எங்கள் இருவருக்கும் அப்போதுதான் உறைத்தது. சபரி வண்டியின் சத்தம் என்பது ஒரு கோளாறு. அதை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒழுங்காகச் சரிபண்ணிவிட்டோம்.

மறுநாள் மாமா அந்த இடைவெளியைப் பழையபடி அதிகமாக வைத்து, முக்குவரை போய்த் திரும்பி வந்தார். அக்கா வாசலில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "இல்லீங்க. இது எல்லாமே ஒண்ணா அடிக்குது. அவன் வண்டில ஒண்ணு மட்டும் நொண்டும்" என்றாள். எந்த ஒன்று, எவ்வளவு தேய்மானம் என்பதெல்லாம் அந்தப் பழைய ராக்கரில்தான் இருந்தது.

அன்றைக்கு மத்தியானம் மாமா அந்தச் சாக்கைத் தூக்கிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார். நசுங்கின ராக்கர்களைப் பெஞ்சில் ஒவ்வொன்றாக அடுக்கினார். "இதுல எது நொண்டுச்சுன்னு பாத்துச் சொல்லு மாப்ள. அதே மாதிரி தேச்சு ஒண்ணு குடு" என்றார்.

தேய்ந்ததைப் புதுசாக்கித் தருவது என் பிழைப்பு. புதுசைத் தேய்த்துக் கேட்டு யாரும் வந்ததில்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அடி வாங்கிய இரும்பில் தேய்மானத்தை எங்கே தேடுவது? தெரியவில்லை என்றேன். அவர் அந்தத் துண்டுகளைத் திரும்பச் சாக்கில் போடும்போது, சத்தம் வராமல் மெதுவாகப் போட்டார். எனக்குத் தாங்கவில்லை. கடைப் பையன்களை டீ குடிக்க அனுப்பிவிட்டு உட்கார்ந்து அழுதேன்.

அதற்குப் பிறகு தினமும் அதே வேலை. ஆறு ஸ்க்ரூ. ஒன்றை மட்டும் கொஞ்சம் தளர்த்துவார், ஏழு மணிக்கு முக்குப் போய்த் திரும்புவார். "இதா?" "இல்லீங்க." அடுத்த நாள் இன்னொன்று. "இதா?" "கிட்டத்துல வந்துச்சுங்க. ஆனா இல்ல." நாற்பது நாள் இருக்கும். மனுஷன் சரியாகச் சாப்பிடவில்லை. சூடான மேனிஃபோல்டு குழாயில் பட்டு வலது கை முழங்கைவரை வெந்துவிட்டது. அக்கா துணி சுற்றிவிட்டாள். அந்தக் கையோடும் மூடியைக் கழற்றினார்.

நான் அங்கே இருந்த ஒரு வியாழக்கிழமை. மாமா முக்கில் திரும்பி வந்து வாசலில் நிறுத்தினார். வழக்கம்போல, "இதா?" என்றார்.

அக்கா அவர் கையில் சுற்றியிருந்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாங்க" என்றாள். "இதேதானுங்க. அச்சு அசலா அவன் வண்டியேதான்."

"நெசமாவா?"

"நெசமாத்தானுங்க. எறங்கிக் கைகால் கழுவுங்க, கல்ல வெக்கறேன்." உள்ளே போனாள். தோசைக்கல்லை அடுப்பில் வைக்கும் சத்தம் கேட்டது.

மாமா சீட்டை விட்டு இறங்கவில்லை. என்னைக் கிட்டே கூப்பிட்டார். "நீ கேட்டிருக்கற இல்ல மாப்ள? தெனமும் கேட்டிருப்ப. இதுதானா?"

நூறு தடவை கேட்டிருக்கிறேன். அது இது இல்லை. கிட்டத்தில்கூட இல்லை.

"ஆமாங்க மாமா. இதேதான்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார்.

"இன்னைக்குக் கை வலிக்குதுன்னு நான் மூடியத் தெறக்கவே இல்ல மாப்ள. நேத்து வெச்ச கேப்புத்தான். நேத்து உங்க அக்கா இது இல்லைன்னு சொன்னா." துணி சுற்றிய கையை ஸ்டியரிங் மேல் வைத்தார். "என்ற பையன் வண்டிச் சத்தம் எனக்குத் தெரியாது மாப்ள. அவன் ஊடு வாரப்ப ஒரு நாளும் நான் ஊட்டுல இல்ல."

உள்ளேயிருந்து அக்கா கூப்பிட்டாள். அவர் இறங்கிக் கைகால் கழுவிக்கொண்டு போய் உட்கார்ந்தார். நாலு தோசை வைத்தாள். நாலையும் சாப்பிட்டார்.