அட்டையில் விழுந்த சூரியன்

சின்னக்கானலில் மாலை வெயில் தெளிவாக இருக்கிறது. சூரியனைப் புதன் கோள் கடந்துகொண்டிருக்கிறது. சூரிய வடிகட்டி மாட்டிய என் புதுத் தொலைநோக்கியில் கேமராவைப் பொருத்தித் துல்லியமாகப் படமெடுக்கிறேன். ஆனால் தேயிலைக் கொழுந்து பறித்துத் திரும்பும் பெண்கள் எல்லோரும் என் நண்பன் முரளியைத்தான் சூழ்ந்து நிற்கிறார்கள். அவனுடைய பழைய தொலைநோக்கி சூரியனை ஒரு வெள்ளை அட்டையில் விழவைக்கிறது. அந்த ஒளிவட்டத்தில் சின்னக் கரும்புள்ளி. அதற்கே அத்தனை ஆரவாரம். எனக்கு வயிறு எரிகிறது.

ஒரு பெண் என்னிடம் வருகிறார். அவசரமாகக் கேமராத் திரையை அவர் பக்கம் திருப்புகிறேன்.

"எவ்வளவு தெளிவா இருக்கு பாருங்க!"

"நல்லாருக்கு சார். ஆனா இது போட்டோதான? அங்க நெசமாவே நகருது."

அவர் திரும்பிப் போய்விடுகிறார். சற்று நேரம் கேமராவோடு தனியாக நிற்கிறேன். பிறகு மனசு கேட்காமல் நானும் போய் அந்த அட்டையின் முன்னால் நிற்கிறேன்.

"சார், கொஞ்சம் குனிங்க. பின்னால எங்களுக்கு மறைக்குது" என்கிறார் அதே பெண்.